வாசலைத் தாண்டிய பிறகு

மலாவியில் வீட்டில் பிள்ளை பெறும் பெண்கள் அருகிவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு நடந்த தேசியக் கணக்கெடுப்பில், மருத்துவ நிலையத்துக்கு வந்து பிரசவித்தவர்கள் 55 சதவீதம். 2015-16 கணக்கெடுப்பில் அது 91 சதவீதம். கடலே இல்லாத தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடு. மக்காச்சோளத்தையும் புகையிலையையும் நம்பிப் பிழைக்கிற ஜனங்கள். நிறைமாதக்காரி நடந்தோ, யாராவது மிதிக்கும் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தோதான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த மாற்றம் லேசில் வந்ததல்ல.

பாதி நயத்தாலும் பாதி பயத்தாலும் வந்தது என்று சொல்லலாம். அங்கே ஊர் மருத்துவச்சிகளை ‘அசாம்பா’ என்பார்கள். அவர்கள் பிரசவம் பார்க்கக் கூடாது என்று 2007-இல் அரசு தடை போட்டது. நிச்சேவு மாவட்டத்தின் குவடைனே போன்ற பாரம்பரியத் தலைவர்கள் தங்கள் ஊர்களுக்கென்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். வீட்டில் பெற்றால் அபராதம். சில ஊர்களில் ஆடு, சில ஊர்களில் பணம். 2012-இல் அதிபரான ஜாய்ஸ் பண்டா, பிரசவத் தேதி நெருங்கியவர்கள் ஆஸ்பத்திரி அருகிலேயே வந்து தங்க விடுதிகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கினார். 1984-இல் நான்காவது குழந்தை பிறந்தபோது கடும் உதிரப்போக்கில் சாகக் கிடந்து, ஒரு நிபுணரின் கையால் பிழைத்தவர் அவர். இதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பலன் என்ன? தாய்மார் இறப்பு குறைந்தது. 2000-இல் லட்சம் பிரசவத்துக்கு 1,120 என்று கணக்கிடப்பட்டது, 2015-16-இல் 439. ஆனால் இந்த இறக்கம் முழுவதையும் பிரசவ அறையின் கணக்கில் எழுதிவிட முடியாது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுக்க மருந்து என்ற திட்டத்தை உலகிலேயே முதலில், 2011-இல், தொடங்கிய நாடு மலாவி. அந்த மருந்து காப்பாற்றிய தாய்மார்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். பிரசவ அறையின் லட்சணத்தைப் பச்சையாகக் காட்டுவது வேறொரு எண். பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் 2004-இல் ஆயிரத்துக்கு 27, 2010-இல் 31, 2015-16-இல் மறுபடி 27. பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு இடம் மாறிய அதே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த எண் நின்ற இடத்திலேயே நின்றது.

மருத்துவச்சித் தடையை மட்டும் எடுத்துக்கொண்டு சூசன் காட்லன்டன், எட்வர்ட் ஒகேகே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொல்கிறது. தடையால் மருத்துவச்சியிடம் போவது சுமார் 15 சதவீதப் புள்ளி குறைந்தது. கிட்டத்தட்ட அதே அளவுக்கு மருத்துவ நிலையப் பிரசவங்கள் கூடின. குழந்தை இறப்போ சராசரியில் அசையவில்லை. அபராதத்துக்குப் பயந்து வந்தவளுக்கு உள்ளே என்ன கிடைத்தது என்பதுதான் இனி கேட்க வேண்டியது.

இந்தக் கேள்வியை உலகம் கேட்கத் தொடங்கியதே தாமதமாகத்தான். தாய்-சேய் நலம் என்ற பெயரில் நடந்தவை எல்லாம் சேய்க்கான திட்டங்கள்தான், தாய் எங்கே போனாள் என்று ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் 1985-இல் லான்செட் இதழில் கேட்டார்கள். கர்ப்ப காலத்திலேயே சோதித்து, ஆபத்து உள்ளவர்களைத் தனியே பிரித்துவிட்டால் போதும் என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. குட்டையானவள், தலைச்சன் பிள்ளைக்காரி, ஐந்தாறு பெற்றவள் என்று பட்டியல் போடுவார்கள். பட்டியலில் இருந்த பெரும்பாலானோருக்குச் சுகப்பிரசவம் ஆகும். ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவள் ரத்தம் கொட்டி இறப்பாள். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குச் சிக்கல் வரும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். எனவே வந்த சிக்கலை வந்த இடத்தில் சமாளிக்கும் ஏற்பாடு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1997-இல் ஐ.நா. அமைப்புகள் அதற்கு ஓர் அளவுகோல் வகுத்தன. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து, வலிப்பு மருந்து, நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பது, உள்ளே தங்கிய மிச்சங்களை நீக்குவது, வேக்குவம் வைத்தோ ஆயுதம் போட்டோ பிள்ளையை எடுப்பது ஆகியவை அடிப்படைப் பணிகள். மூச்சுவிடாத சிசுவுக்கு மூச்சூட்டுவது பின்னால் சேர்ந்தது. இவற்றோடு சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் இருந்தால் அது முழு நிலையம். 5 லட்சம் மக்களுக்கு இப்படி ஐந்து இடங்கள், அவற்றில் ஒன்றாவது முழு நிலையமாக இருக்க வேண்டும். நல்ல அளவுகோல்தான். ஆனால் அதன் அடியில் ஒரு பொடி எழுத்து விதி உண்டு: கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறை செய்திருந்தால் அந்தப் பணி ‘உண்டு’ என்று குறித்துக்கொள்ளலாம். மார்ச் மாதம் ஒரு பகல் வேளையில் யாரோ ஒருவருக்குப் போட்ட ஊசி, ஜூனில் நள்ளிரவில் வந்தவளின் பெயரிலும் கணக்காகிவிடுகிறது. அவளுக்குக் கிடைத்ததா, எத்தனை நிமிடத்தில் கிடைத்தது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

அந்த நிமிடங்கள்தான் எல்லாம். சிகிச்சை கிடைக்காவிட்டால் எந்தச் சிக்கல் எவ்வளவு நேரத்தில் உயிரைக் குடிக்கும் என்று மெய்ன் ஒரு கணக்கு போட்டார். கிருமித் தொற்றுக்கு ஆறு நாள், பிள்ளை இறங்காமல் அடைபட்டால் மூன்று நாள், வலிப்புக்கு இரண்டு நாள், கர்ப்பப்பை கிழிந்தால் ஒரு நாள், பிரசவத்துக்கு முந்தைய உதிரப்போக்குக்கு 12 மணி நேரம். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்குக்கு இரண்டே மணி நேரம்.

ஏன் இரண்டு மணி? நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றை அடைப்பது முதலில் ரத்தம் உறைவது அல்ல, தசை. கர்ப்பப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியவை. அவை சுருங்கும்போது நடுவே ஓடும் குழாய்கள், தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயை முறுக்கிப் பிடித்தாற்போல அடைபடும். நீண்ட நேரம் வலியெடுத்துக் களைத்த கர்ப்பப்பை சுருங்க மறுத்தால், உடம்பில் இருக்கும் ஐந்தாறு லிட்டரும் வெளியேற அதிக நேரம் பிடிக்காது.

சுருங்க வைக்கும் மருந்து ஆக்சிடோசின். விலை அற்பம், ஒரு ஊசிதான். ஆனால் அது 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும். பார்த்தால் தெரியாது, குப்பி தெளிவாகத்தான் இருக்கும். நர்ஸ் சரியான மருந்தை, சரியான நேரத்தில், சரியான அளவில் போட்டும் ரத்தம் நிற்காமல் போகலாம். மின்சாரம் வந்து வந்து போகிற ஊரில் தரம் என்பது குளிர்பெட்டியில் தொடங்குகிறது. வெப்பம் தாங்கும் கார்பிடோசின் என்ற மருந்து ஆக்சிடோசினுக்கு இளைத்ததல்ல என்று பத்து நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் நடந்த சோதனை 2018-இல் காட்டியது. பிள்ளை பிறந்த மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்தால் உதிரப்போக்கால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்துவிட்டது. ஆக, மருந்துக்குப் பஞ்சமில்லை.

கண்டுகொள்வதில்தான் கோளாறு. மலாவியில் பிரசவத்துக்கு வரும் பெண் தன்னோடு பிளாஸ்டிக் விரிப்பு, பிளேடு, பேசின், சித்தெஞ்சேத் துணிகள் எல்லாம் கொண்டுவர வேண்டும் என்பது பல நிலையங்களில் எழுதாத சட்டம். சித்தெஞ்சே என்பது அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றுகிற, பிள்ளையை முதுகில் கட்டுகிற பூப்போட்ட பருத்தித் துணி. பெற்றவளின் கீழே அதைத்தான் விரிக்கிறார்கள். அடர்ந்த நிறத் துணியில், மங்கிய வெளிச்சத்தில், ஊறிய ரத்தம் 300 மில்லியா 800 மில்லியா என்று யார் சொல்வது? பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி முக்கிக்கொண்டிருக்க, இருவருக்குமாக ஒரே நர்ஸ் நிற்கும்போது யாரும் சொல்வதில்லை. நாடி விழுந்து, உடம்பு சில்லிட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் இரண்டு மணியில் பாதி போயிருக்கும்.

இதற்கு விடை கர்நாடகத்தின் பெல்காமிலிருந்து வந்தது. அங்கே ஒரு மருத்துவ ஆய்வுக்காக, பெற்றவளின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை உருவாக்கினார்கள். அதன் நுனி புனல்போலக் குவிந்து கீழே தொங்கும். அதில் மில்லி லிட்டர் கோடுகள் போட்டிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்வதையும் இந்தப் பையில் சேர்வதையும் ஒப்பிட்டபோது, கண் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறது என்று 2006-இல் எழுதினார்கள். பிறகு பர்மிங்ஹாமின் ஆரி குமாரசாமி தலைமையிலான குழு இந்தத் தாளை ஒரு சிகிச்சைத் தொகுப்போடு கட்டியது. ரத்தம் 500 மில்லிக் கோட்டைத் தொட்டாலும், 300-ஐத் தாண்டி வேறு அறிகுறி தெரிந்தாலும், யோசிக்காமல் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்: வயிற்றைப் பிசை, ஆக்சிடோசின் போடு, டிரானெக்சாமிக் போடு, சலைன் ஏற்று, எங்கிருந்து வருகிறது என்று பார், நிற்கவில்லையென்றால் மேலிடத்தைக் கூப்பிடு. மருந்தெல்லாம் ஒரே பெட்டியில், கட்டில் அருகில் இருக்க வேண்டும். அதற்கு முன் இருந்த வழக்கம், ஒன்றைக் கொடுத்துப் பார்த்துக் காத்திருந்து, கேட்காவிட்டால் அடுத்ததைத் தேடுவது.

இந்தத் தொகுப்பைச் சோதித்தது கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில். 2023-இல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பில் உதிரப்போக்குகளில் 51 சதவீதமே கண்டறியப்பட்டன. தாள் விரித்த இடங்களில் 93. தொகுப்பு முழுதும் கிடைத்தவர்கள் வழக்கமான இடங்களில் 19 சதவீதம், இங்கே 91. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, வயிற்றைத் திறக்க நேர்வது, உதிரப்போக்கால் இறப்பது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதம் 1.6 ஆக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த 300 மில்லிக் கோடு ஏறிவிட்டது. இந்த ஆய்வில் புது மருந்து ஒன்றுமே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. ஏற்கெனவே அலமாரியில் இருந்தவைதான். அலமாரியிலிருந்து கட்டிலுக்கு வரும் நேரம் மட்டும் குறைந்தது.

வலிப்பின் கதை வேறு மாதிரி. மக்னீசியம் சல்பேட் வந்த வலிப்பை அடக்கும், மறுபடி வராமல் தடுக்கும் என்பதில் 1995-க்குப் பிறகு சந்தேகம் இல்லை. பத்தாயிரம் பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வு, முன்கூட்டிக் கொடுத்தால் வலிப்பு வருவது பாதிக்கும் கீழே போகும் என்றது. ஆனால் இது பயமுறுத்துகிற மருந்து. முதல் தவணையே 14 கிராம்: 4 கிராம் நரம்பில், மீதி இரண்டு புட்டத்திலும் ஐந்தைந்து கிராமாக. அளவு மீறினால் மூச்சு நின்றுபோகும். அதனால் ஒவ்வொரு தவணைக்கும் முன் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும், கால் துள்ளுகிறதா என்று. மூச்சை எண்ண வேண்டும், 16-க்குக் குறையக் கூடாது. சிறுநீரை அளக்க வேண்டும். முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே வலிப்பைப் பார்க்கிற கிராம நிலைய நர்ஸ், நமக்கேன் வம்பு என்று ஊசி போடாமலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார். அந்தப் பயணத்தில்தான் அடுத்த வலிப்பு வரும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊசி போட்டபின் செத்தால் விசாரணை. போடாமல் அனுப்பி வழியில் செத்தால் ‘தாமதமாகக் கொண்டுவந்தார்கள்’ என்று குறிப்பு.

பிள்ளை அடைபடுவதைக் கண்டுபிடிக்கும் வரைபடத்தை உலகுக்குக் கொடுத்தது மலாவிக்கு வெகு தொலைவில் இல்லாத ஒரு பகுதிதான். இன்றைய ஜிம்பாப்வேயில் பில்பாட், காசில் என்ற இருவர் 1972-இல் வெளியிட்டார்கள். கர்ப்பப்பை வாய் திறப்பதை மணிக்கு மணி ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டும்போது கிராம நிலையத்திலிருந்து அனுப்பிவிடலாம். செயல் கோட்டைத் தொட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். தொலைவை மனத்தில் வைத்து வரைந்த படம். இன்று பல நாட்டுப் பிரசவ அறைகளில் அது பிள்ளை பிறந்த பிறகு நிரப்பப்படுகிறது. கோடு அழகாக, நேராக இருக்கும். பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரி திருப்தியோடு கையெழுத்துப் போட்டுப் போவார்.

அனுப்பப்பட்டவள் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தால் அவளுக்கு அறுவை செய்வது பெரும்பாலும் மருத்துவர் அல்ல. மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்த ‘கிளினிக்கல் ஆபீசர்’. நம்மூர்க் காதுக்கு இது திக்கென்றிருக்கும். ஆனால் மலாவியின் 38 மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துச் சொச்சம் மகப்பேறு அறுவைகளைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 88 சதவீதத்தை இவர்களே செய்தார்கள் என்றும், அறுவைக்குப் பிந்தைய நிலையில் மருத்துவர்கள் செய்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் வித்தியாசம் காணவில்லை என்றும் சொன்னது. பட்டம் குறைவு என்பதற்காகக் கை தாழ்ந்துவிடவில்லை.

அப்படியானால் எங்கே போகிறது உயிர்? 1998 முதல் 2000 வரை மலாவியில் நடந்த 8,070 சிசேரியன்களை ஒரு குழு ஆராய்ந்தது. தாய்மாரில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று அதிகமாக இறந்தார்கள். குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கும் மேல். இறந்த தாய்மாரில் பெரும்பாலோர் மேசையில் இறக்கவில்லை, அறுவை முடிந்து வார்டில் இறந்தார்கள். தையல் போட்டாயிற்று, கிளினிக்கல் ஆபீசர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார், வார்டில் அறுபது எழுபது பேருக்கு ஒரு நர்ஸ் என்றால், இரத்த அழுத்தம் இறங்குவதை யார் பார்ப்பது? முழு மயக்கம் கொடுப்பதைவிட முதுகுத் தண்டில் ஊசி போட்டவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இருபது ஆண்டு கழித்தும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. 22 ஆப்பிரிக்க நாடுகளில் சிசேரியனுக்குப் பின் தாய் இறப்பது பணக்கார நாடுகளைவிட 50 மடங்கு என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. கத்தி பிடிப்பவரைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். கத்தியைக் கீழே வைத்தபின் வரும் ஆறு மணி நேரத்துக்குச் சொந்தக்காரர் யாருமில்லை.

ரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலாவி ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு ‘கார்டியன்’ என்று உறவினர் ஒருவர் கூடவே இருப்பார். சமைப்பதும் துணி அலசுவதும் அவர் பொறுப்பு. ரத்தவங்கி கைவிரித்தால், ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பதும் அவர் தலையில்தான். மாமியாரையோ தங்கையையோ மட்டும் துணைக்குக் கூட்டி வந்தவளுக்கு நடுராத்திரியில் யார் கிடைப்பார்கள்?

இத்தனை ஓட்டைகளையும் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அடைத்துவிடலாம் என்ற ஆசையும் வந்து போனது. உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில், சரிபார்ப்புப் பட்டியலும் கூடவே நின்று சொல்லித்தரும் பயிற்சியாளர்களும் சோதிக்கப்பட்டார்கள். நர்ஸுகளின் பழக்கம் மேம்பட்டது. தாய், சேய் இறப்புகள் குறையவில்லை. 2017-இல் வெளியான அந்த முடிவு பலரைச் சோர வைத்தது. பட்டியல் கை கழுவச் சொல்லும், மருந்தைத் தயாராக வைக்கச் சொல்லும்; அங்கே இல்லாத ரத்தத்தையும் அறுவை அறையையும் வரவழைக்காது.

மலாவியில் சோதிக்கப்பட்ட ஒரு முறை இதற்கு மாறாகப் பலித்தது. கிருமித் தொற்று கண்ட தாய்க்குச் சலைன், நுண்ணுயிர்க்கொல்லி, தொற்றின் ஊற்றை அகற்றுவது, தேவையானால் மாற்றி அனுப்புவது, விடாமல் கண்காணிப்பது என்ற ஐந்தையும் உடனே தொடங்கும் தொகுப்பு. முதலில் மலாவியின் 15 நிலையங்களில் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்த்தார்கள். பிறகு மலாவியிலும் உகாண்டாவிலுமாக ஏறத்தாழ 60 மருத்துவமனைகளில், கை கழுவுதல், தொற்றுத் தடுப்பு இவற்றோடு சேர்த்துச் சோதித்ததில், தொற்றால் வரும் சாவும் கடும் பாதிப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. உதிரப்போக்குத் தாளுக்கும் இதற்கும் ஒரு பொதுக்குணம் தெரிகிறது. இரண்டும் ‘எல்லாவற்றையும் நன்றாகச் செய்’ என்று சொல்வதில்லை. இந்தக் கோட்டைத் தொட்டால் இதைச் செய் என்கின்றன. கோட்டைத் தொட்டது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

தரத்தைப் பற்றிய 2018-ஆம் ஆண்டு லான்செட் ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் குரூக் போன்றவர்கள் இதற்கும் ஒரு படி மேலே போகிறார்கள். வாரத்துக்கு இரண்டு பிரசவம் பார்க்கிற சின்ன நிலையத்தில் யாருக்கும் கை பழகாது, ஆகவே பிரசவங்கள் எல்லாவற்றையும் அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கோ அதன் பக்கத்துக்கோ மாற்றுங்கள் என்கிறார்கள். கென்யாவின் ககமேகா மாவட்டம் இதைச் செய்து பார்க்க முன்வந்தது. வாதம் வலுவானது, எண்களும் அவர்கள் பக்கம்தான். ஆனால் மலாவியில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். 2023 மார்ச்சில் பிரெடி புயல் வந்தபோது தெற்கு மாவட்டங்களில் சாலைகளும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின. பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு நன்றாக நடந்தாலும் அந்த வாரங்களில் வலி கண்டவளுக்கு எட்டியிருக்காது. சின்ன நிலையத்தை மூடுவதற்கு முன், கோடு போட்ட ஒரு தாள், குளிர் தேவைப்படாத ஒரு ஊசி, முதல் தவணை மக்னீசியம் போட பயமில்லாத ஒரு நர்ஸ், அவர் ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு போன், இந்த நான்கையும் அங்கே வைத்துப் பார்த்தார்களா என்று கேட்பேன்.